யோசிச்சதாலதான் வந்துச்சாம்

எனக்கு வந்த நோய்க்கு மருத்துவமனையில் ஒரு பெயர், காப்பார் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பில் வேறொரு பெயர். மருத்துவமனையில் அது மனச்சோர்வு நோய். தாமானில், "அந்தப் பையன் ரொம்ப யோசிச்சுட்டானாம் லா."

இந்த இரண்டாவது பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். யாரும் பாவம் பார்க்க வேண்டாம். மனநல வார்டில் படுத்துவிட்டு வந்தவன் கோபமாக எழுதினால், "இன்னும் சரியாகல போல" என்பார்கள் என்றும் தெரியும். சொல்லட்டும். நோய் என்னை அழுத்திக்கொண்டிருந்த மாதங்களில் எனக்குக் கோபம்கூட வந்ததில்லை. இப்போது வருகிறதென்றால், உடம்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எனக்கு அடுத்தவள் தங்கச்சி ஷாமினி. நான் பொறியியல் முடித்து, பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

முதலில் போனது தூக்கம். படுத்தவுடன் தூங்கிவிடுவேன், விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்து, பிறகு கண் மூடாது. அடுத்தது பசி. அறைக்குக் கீழே இருந்த இலைச் சாப்பாட்டுக் கடை அண்ணன், "என்ன பாஸ், டயட்டா? பொண்ணு பாக்குறாங்களா?" என்று சிரிப்பார். டயட்டும் இல்லை, பெண்ணும் இல்லை. சோறு வாயில் அட்டை மாதிரி இருந்தது. அலுவலகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் உள்ளே இறங்கவில்லை. ஃபுட்சால் பந்து விளையாடப் போவதை நிறுத்தினேன். பிறகு சனி ஞாயிறில் வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். சோகமாக இருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எதுவுமே இல்லாமல் இருந்தேன்.

முதலில் போன கிளினிக்கில், "ஸ்ட்ரெஸ் லா தம்பி. ரொம்ப திங்க் பண்ணாதீங்க," என்று வைட்டமினும் வயிற்றுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். அங்கே ஆரம்பித்தது இந்த அறிவுரை. பிறகு ஓயவே இல்லை. பக்கத்து மேசைக்காரன், "பாசிட்டிவா யோசி, ப்ரோ," என்றான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூரிய உதயப் படம் போட்டு, நல்லதையே நினை என்று அனுப்பினார்கள். யோசிக்காதே என்று ஒரு கூட்டம், நல்லதாக யோசி என்று இன்னொரு கூட்டம். யோசனையை நிறுத்துகிற சுவிட்ச் என் உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் காட்டவில்லை.

ஒரு காலையில் வேலைக்குப் போகாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது என்ற நினைப்பு இருந்தது. அழுகையோடோ ஆவேசத்தோடோ வந்த நினைப்பு அல்ல. போட்டு முடித்த கணக்கின் விடை மாதிரி, சந்தேகமே இல்லாமல் அங்கே இருந்தது. சந்தேகம் இல்லாததைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். ஷாமினிக்குப் போன் போட்டேன். "ஷாமினி," என்று மட்டும்தான் சொன்னேன்.

"அண்ணே? ரூம்லயா இருக்க? போய் கதவத் திறந்து வை. போன வைக்காத. வரேன்."

கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி அவள் வந்து சேரும்வரை போனை வைக்கவில்லை. எதிரே இருக்கும் ஆன்டியின் கூடையில் என்ன காய் இருக்கிறது, அடுத்து எந்த ஸ்டேஷன், எவன் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வந்ததும் என்னை ஒரு முறை பார்த்தாள். "அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். ஃபர்ஸ்ட் ஆஸ்பத்திரி," என்றாள். வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கிள்ளான் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றுக்கு டாக்சி பிடித்தாள்.

இந்த ஷாமினிக்குத்தான் அந்த வாரம், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவசரப் பிரிவில் எண் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் கை உடைந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சிக்கு? என்ன வியாதி?" என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் கட்டு இல்லை, ரத்தம் இல்லை. ஷாமினிதான், "காய்ச்சல், அங்கிள்," என்றாள். பிறகு மைலோ வாங்கி வந்து, நான் குடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும், ரத்தம் குறைந்தாலும், ஆள் இப்படிச் சுருண்டு போகலாமாம். அதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் மனநல டாக்டர் வந்தார். இளவயதுச் சீனர். மலாய் மொழியில் நிதானமாகக் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த காரியம் இன்னும் பிடிக்கிறதா, எல்லாவற்றுக்கும் நீதான் காரணம் என்று தோன்றுகிறதா, எவ்வளவு காலமாக, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்ததா. கடைசிக் கேள்வியைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலிலேயே கேட்டார். அதனால் எனக்கும் பதில் சொல்ல முடிந்தது. இவற்றில் பல சேர்ந்து, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் சாப்பாட்டையும் கெடுத்தால் அது மனச்சோர்வு நோய் என்றார். சோம்பலோ கோழைத்தனமோ இல்லை என்றார். மாத்திரை வேலை செய்ய சில வாரம் பிடிக்கும், அதுவரை தனியாக விட முடியாது, இங்கேயே சேர்ந்துகொள் என்றார்.

வார்டில் பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சப்பாத்துக் கயிற்றையும் வாங்கினார்கள். போனுக்கு நேரம் வைத்தார்கள். ஜன்னலில் கம்பி. அதைப் பார்த்து அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மிஸி, அதாவது தாதி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

இனி எங்கள் குடும்பத்தாரின் வைத்தியத்தைச் சொல்கிறேன். பையன் யோசித்ததால் நோய் வந்தது. ஆகவே பையன் யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். அம்மா தொழிற்சாலையில் யார் யாரோடு சண்டை என்பார். மூச்சு வாங்க அவர் நிறுத்தினால், தாய்மாமன் செல்வம் மாமா கோயில் கமிட்டி கதையை எடுப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், "என்னய்யா யோசிக்கிற? யோசிக்காதய்யா," என்று அப்பா பதறுவார்.

அன்பில் குறையே இல்லை. அம்மா மீகூன் சேமியாவில் இருந்த நெத்திலியின் தலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் டப்பாவைத் தருவார். சின்ன வயதில் எனக்கு நெத்திலித் தலை பிடிக்காது. அப்பா ஒரு நாள் என் சிலிப்பரைக் காணாமல் அடித்துவிட்டார். பார்த்தால், கழிவறைக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் சொட்டக் கொண்டு வந்து கட்டிலடியில் வைக்கிறார். இதையெல்லாம் செய்கிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட முடியாததே பெரிய கோபம்.

"அதிகமா படிச்சா இப்படித்தான், மச்சான்," என்றார் மாமா ஒரு நாள் அப்பாவிடம், நான் அங்கே இல்லாதது மாதிரி. "மூளை சூடாயிடும். நம்ம ஆளுங்க ஒடம்பு அதுக்குப் பழக்கமில்ல."

பக்கத்துக் கட்டிலில் ஹனிபா அண்ணன் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். வந்ததிலிருந்து அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. மெல்லத் திரும்பினார்.

"அண்ணே, நான் மூணாங்கிளாஸ். அதுவும் முழுசா முடிக்கல. என்னை எதுக்கு இங்க போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்றீங்களா?"

பல மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கண்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"நீ சிரிச்சா போதும்யா. இனிமே படிப்பே வேணாம் நம்ம வீட்டுக்கு. அப்பாவும் சொல்லிட்டாரு, ஷாமினி போகலன்னு. இங்கயே பக்கத்துல ஏதாச்சும் வேல பாத்துக்கட்டும்."

"ஏன்?"

"உன்னப் பாத்த பிறகுமா ஏன்னு கேக்குற?"

"யோசிக்காதய்யா," என்றார் அப்பா.

அடுத்த நாள் எனக்கு மனநலப் பேச்சு சிகிச்சை. இது மாத்திரை கொடுக்கிற டாக்டர் இல்லை; உட்கார வைத்துப் பேசுகிறவர். மிஸ் கோமதி, ஈப்போக்காரர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். மேசைமேல் ஒரு வாடிய செடி இருந்தது. மனச்சோர்வில் நாம் யோசிக்கும் விதத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று பேச்சைத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"அப்ப நீங்களும் அதத்தான் சொல்றீங்க. எங்க மாமா சும்மா சொல்றாரு, நீங்க படிச்சிட்டு சொல்றீங்க. அவ்வளவுதான?"

"உங்க மாமா என்ன சொன்னாரு?"

"யோசிச்சதாலதான் வந்துச்சுன்னு."

"நான் பங்குன்னு சொன்னேன். அவரு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துட்டாரு. உக்காருங்க. நின்னுக்கிட்டே கோபப்படணும்னாலும் சரி, எனக்குக் கழுத்துதான் வலிக்கும்."

உட்கார்ந்தேன்.

"எவ்வளவு யோசிக்கிறீங்கன்னு எனக்குத் தேவையில்ல, தினேஷ். யோசனை எந்தப் பக்கமா ஓடுதுன்னு மட்டும் பாக்கலாம். கடைசியா ஆபீஸ்ல மனசு உடைஞ்ச ஒரு நேரத்தச் சொல்லுங்க."

சொன்னேன். முதலாளி என்னை வந்து பார் என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் அறை மேல் மாடியில். லிஃப்ட்டில் ஏறினேன். கதவு மூடும்போது, வரைபடத்தில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பாதி தூரத்தில், வேலை போய்விட்டது. கதவு திறக்கும் முன்பு, அப்பா லோரியில் முதுகொடிந்ததெல்லாம் வீண், ஷாமினி படிப்பும் நின்றுவிடும், எல்லாம் என்னாலதான். உள்ளே போனால் அவர், புதிய கட்டடத்துக்கு என்னை அனுப்பலாமா என்று கேட்டார். சரி என்றேன். அன்று மாலை, சரி என்று சொன்ன விதம் தப்பு என்று ஆரம்பித்தேன்.

மிஸ் கோமதி சிரிக்கவில்லை. இதற்குத்தான் யோசனைப் பழக்கம் என்று பெயர் என்றார். நடந்த ஒன்றிலிருந்து நேராக எல்லாவற்றின் முடிவுக்குப் போவது. கெட்டது எதுவானாலும் காரணம் நான் என்று எடுத்துக்கொள்வது. பிறகு அதையே அசைபோடுவது. மாடு அசைபோட்டால் செரிக்கும். நாம் போடுவது செரிப்பதில்லை. வழி தேடுகிற யோசனை வேறு, சேற்றில் ஒரே இடத்தில் சுற்றுகிற சக்கரம் வேறு. இரண்டாவதற்குப் படிப்பு தேவையே இல்லை.

"அப்ப அதுதான் காரணமா? நேரா சொல்லுங்க, மிஸ்."

"நேரா சொல்றேன். இந்தப் பழக்கம் உள்ளவங்களுக்கு, ஒரு அடி விழுறப்போ நோய் வர்ற வாய்ப்பு கூடுதல்ன்னு ஆராய்ச்சிக்காரங்க பாத்திருக்காங்க. ஆனா பழக்கம் இருந்தும் வராதவங்க நெறைய. இன்னொன்னு, நோய் வந்துட்டா நோயே யோசனைய இருட்டாக்கிடும். அதனால எது முதல்ல வந்துச்சுன்னு உங்க ஒருத்தர வச்சு என்னால சத்தியம் பண்ண முடியாது. பொறப்புல வர்றது இருக்கு. தூக்கம் கெடறது இருக்கு. தனியா ஒரு ரூம்ல கெடந்தது இருக்கு."

"அப்ப என் தப்பு இல்லையா?"

"நீங்க அத கடையில போய் தேடி வாங்கினீங்களா? சின்ன வயசுலேர்ந்து ஒட்டிக்கிட்டது. ஒட்டினத கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம். மாத்த முடியுங்கறதாலதான் நான் அதப் பத்திப் பேசறேன், உங்கள மாட்டிவிட இல்ல."

அறையை விட்டு வரும்போதும் கோபம்தான். ஆனால் அன்று முதல் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. பங்கு என்ற சொல்லைக் குற்றமாக்கி, அந்தக் குற்றத்துக்கு என் தங்கச்சியைத் தண்டிக்கிறவர்கள் மேல்தான்.

அவளே அந்த வாரம் தனியாக வந்தாள். முகம் கறுத்திருந்தது. வழக்கமாகக் கொண்டு வரும் பிஸ்கட்டைக் கட்டிலில் எறிந்தாள்.

"சந்தோஷமா?"

"என்னடி ஆச்சு?"

"பழைய பேப்பர் லோரி வந்துச்சு. மைக் போட்டுக்கிட்டு வருமே, அது. அப்பா நிறுத்தி, வீட்டுல இருந்த புக்கு எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டாரு. உன்னோடது அலமாரியோட போச்சு. என் கெமிஸ்ட்ரி நோட்ஸும் போச்சு. இந்தப் படிப்புக் காத்து வீட்டுக்குள்ள இருந்தாலே ஆகாதாம்."

"நீ என்ன பண்ண?"

"ஓடினேன். முச்சந்தி வரைக்கும் ஓடி, லோரி முன்னால நின்னு ஒரு பைய இறக்கினேன். சிலிப்பர் பிஞ்சு போச்சு. தாமானே வேடிக்க பாத்துச்சு. இனிமே என்னையும் லூசுன்னுவாங்க, கவலப்படாத, உனக்குத் துணை வரேன்."

ஹனிபா அண்ணன் போர்வைக்குள் இருமினார். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். தணிந்த குரல் இன்னும் சுட்டது.

"நான்தான ஒன்ன இங்க கொண்டாந்தேன்? ஒனக்கு நோய் வந்தா எனக்கு எதுக்குண்ணே மருந்து கொடுக்கிறாங்க? படிச்சதால வரலன்னு அவருகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா அடம் பிடிக்கிறேங்கிறாரு."

"நான் சொன்னா பைத்தியம் சொல்லுதும்பாரு."

"அப்ப பைத்தியம் மாதிரியே சொல்லு. யாராச்சும் சொல்லுங்களேன்!"

என்னாலதான் இவள் படிப்பு போகிறது என்று அன்று மாலை முழுக்க அசைபோட்டேன். பிறகு, அசைபோடுகிறேன் என்பதைக் கண்டுகொண்டேன். அது முதல் தடவை. மருந்து பிடிக்கத் தொடங்கியதாலா, மிஸ் கோமதியாலா, ஷாமினி திட்டியதாலா, தெரியாது. கவுண்டருக்குப் போய், குடும்பத்தோடு ஒரு சந்திப்பு வேண்டும் என்று கேட்டேன்.

சின்ன அறை. டாக்டர், மிஸ் கோமதி, நான், அப்பா, அம்மா. கூப்பிடாத செல்வம் மாமாவும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஷாமினி கதவோரம் நின்றாள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டையில் வந்திருந்தார்.

டாக்டர் மலாய் மொழியில் கேட்டதை மிஸ் கோமதி தமிழில் சொன்னார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் முன்னாடி இப்படி இருந்திருக்கா? சாப்பிடாம, தூங்காம, வேலைக்குப் போகாம?"

"எங்க வம்சத்துலயே கிடையாது, மிஸ்," என்றார் மாமா.

அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். "இவருக்கு முதுகு வலி வந்துச்சே."

"அது முதுகு," என்றார் அப்பா.

"முதுகு வலிக்காரரு எதுக்குங்க சாப்பாட்ட தள்ளி விடணும்? எதுக்கு சுவத்தப் பாத்து அழணும்? பிள்ளைங்க சின்னது, மிஸ். லோரி டயர் வெடிச்சு சாஞ்சிருச்சு, கூட இருந்தவருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு. டயர்தான் காரணம்னு முதலாளியே சொன்னாரு. கால் ஒடிஞ்ச ஆளே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. இவரு மாசக்கணக்கா லோரி பக்கமே போகல. யாரு கேட்டாலும் முதுகு வலின்னு சொல்லச் சொன்னாரு. நானும் சொன்னேன்."

எனக்கு அந்த முதுகு வலி நினைவிருக்கிறது. சத்தம் போட்டால் அப்பாவுக்கு முதுகு வலிக்கும் என்று எங்களை வெளியே விளையாட அனுப்பிவிடுவார்கள்.

அப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "பிரேக்க நான் பாத்து மிதிச்சிருக்கணும் மிஸ். அத விடுங்க. இப்ப இவனுக்கு வந்ததும் என்னாலதான். நான்தான் படி படின்னு ஒக்கார வச்சேன். நான் சும்மா இருந்திருந்தா இவன் நல்லா இருந்திருப்பான். சின்னவளையாச்சும் கெடுக்காம இருக்கணும்ல?"

என்னாலதான். என் லிஃப்ட்டில் ஏறிய அதே சொல், கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தது.

"அதான்ப்பா!" கத்திவிட்டேன். "அதான் நோயி! நீங்க இப்ப யோசிச்சீங்களே, அதான்! படிப்பு இல்ல. டயர் வெடிச்சா நான்தான், மகனுக்கு முடியலன்னா நான்தான். நானும் அப்படியே யோசிச்சுத்தான் இங்க படுத்திருக்கேன். அத யுனிவர்சிட்டில யாரும் எனக்குச் சொல்லித் தரல!"

"பாத்தீங்களா, இன்னும் சரியாகல," என்றார் மாமா.

"மாமா, உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்குல்ல? சாப்பாட்டுக்கும் அதுல பங்கு இருக்குல்ல? அதுக்காக உங்க பிள்ளைங்களுக்குச் சோறு போடாமயா விட்டீங்க? இவளுக்கு மட்டும் ஏன் நிறுத்துறீங்க?"

அப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து, வழியில் நின்ற ஷாமினியை மெல்ல நகர்த்திவிட்டு வெளியே போனார். அப்புறம் பார்வையாளர் நேரத்தில் அவர் வரவில்லை. அம்மா தனியாக வந்து, முதல் தடவையாக எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டேன். "லோரி எடுக்கிறாரா?" எடுக்கிறார் என்றார். அதுவரை எனக்கு உயிர் இல்லை.

மிஸ் கோமதியிடமும் சண்டை போட்டேன். அப்பாவுக்கும் இதே நோய்தான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "நான் அவரப் பாக்கல. பாக்காம நோய்னு சொல்ல மாட்டேன். உங்க பழக்கம் அவரு ரத்தத்துலேர்ந்து வந்துச்சா, அவரு பேச்சக் கேட்டு வந்துச்சா, அதையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. தெரியாதத தெரியாதுன்னு சொல்றது என் வேலை. கோபம் வந்தா வரட்டும்." வந்தது. ஆனால் எல்லாம் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில், தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில், மாதம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது, மிஸ் கோமதியை வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி அந்த நினைப்பு வந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். ஹனிபா அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை கொடுத்தார். "கடைக்கு வா தம்பி. நல்ல சட்டை எடுத்துத் தரேன். அளவுக்கு மீறி யோசிச்சு செலக்ட் பண்ணலாம்."

அழைத்துப் போக அப்பாதான் காடி எடுத்து வந்திருந்தார். முன் சீட்டில் நான், பின் சீட்டில் அம்மாவும் ஷாமினியும். காப்பார் சாலைக்கு வந்தோம். முன்னால் ஒரு செம்பனை லோரி மெதுவாகப் போனது. அப்பா முந்தாமல் அதன் பின்னாலேயே ஓட்டினார்.

"நான் ஆறாங்கிளாஸ்," என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"எனக்கும் வந்துச்சு."

பின் இருக்கையில் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

"அப்ப படிப்பு இல்ல," என்றார். யாரோடோ வாதாடித் தோற்றவர் மாதிரி இருந்தது குரல். கொஞ்ச தூரம் போனபின் மறுபடி ஆரம்பித்தார். "எனக்கு வந்துச்சு. உனக்கு வந்துச்சு. அங்க போய், தனியா இருக்கிறப்போ, அவளுக்கும் வந்தா?"

நான் ஆத்திரமாக எத்தனையோ பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒன்றும் உதவவில்லை. வராது என்று சொல்ல ஆசை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வரலாம்ப்பா. வராமலும் போகலாம். இங்கயே இருந்தாலும் வரலாம். வந்தா முதுகு வலின்னு சொல்ல வேணாம், அவ்வளவுதான்."

"அங்க அவளுக்கு யாரு இருக்கா? நீ போன் போட்டப்ப இவ ஓடி வந்தா. இவளுக்கு யாரு ஓடுவா?"

"நான் ஓடுவேன்."

"நீயே இப்பத்தான்..."

"ஹலோ!" பின்னாலிருந்து ஷாமினி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "நான் இங்கதான் இருக்கேன். செத்துப் போயிடல. என்னப் பத்தி ரெண்டு பேரும் பேசுறீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். செம்பனை லோரி இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. சாலை காலியாக இருந்தது. அவர் வேகம் கூட்டவில்லை.

"சரி, கேக்குறேன். பயமா இல்லியா?"

"இருக்கு."

"போறியா?"

"போறேன்ப்பா."

"போனா தினமும் போன் போடணும்."

"போடுறேன்."

"முடியலன்னா முடியலன்னு சொல்லணும்."

"நீங்களும் சொல்லணும்."

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்கே சொல்லிரு அவங்ககிட்ட, வரேன்னு," என்றார். அம்மா பின்னால் ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"இப்ப எதுக்கு அழுகை?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துக் கத்தினோம்.